முதலாளிக்கு நான்காவது அழைப்பு
வாகன விபத்தின் பின்னர் சாரதியும் உரிமையாளரும் செய்ய வேண்டியவை

கல்முனையிலும் காத்தான்குடியிலும் இரவில் ஏற்றப்படும் லொறி விடியும்போது புறக்கோட்டையில் நிற்க வேண்டும். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் ஏற்றப்படும் மரக்கறி வாடுவதற்கு முன்னர் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். புத்தளத்து உப்பும் கற்பிட்டிக் கருவாடும் அப்படியே. நமது வியாபாரத்தின் பாதி கடையில் நடக்கிறது என்றால் மற்றப் பாதி வீதியில் நடக்கிறது. அந்த வீதிகளில் வருடந்தோறும் 2,000க்கும் அதிகமான உயிர்கள் பலியாகின்றன. எவ்வளவு நிதானமான சாரதியாக இருந்தாலும், தன் பக்கம் பிழை இல்லாமலேயே ஒரு விபத்தில் அகப்பட்டுக்கொள்ளும் காலம் இது.

விபத்து நடந்தவுடன் நமது சாரதி என்ன செய்கிறார்? அநேகமாகக் கையடக்கத் தொலைபேசியை எடுத்து, "முதலாளி, எக்சிடன்ட் ஒண்டு பட்டுட்டு, என்ன செய்ற?" என்று கேட்கிறார். தூக்கத்திலிருந்து எழும்பும் முதலாளிக்கு விபத்து நடந்த இடமும் தெரியாது, காயத்தின் அளவும் தெரியாது. அவர் பதற்றத்தில் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பிச் சாரதி நடந்துகொள்கிறார். பின்னர் பொலிஸிலும் நீதிமன்றத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் அந்த வார்த்தையின் விலையை இருவரும் செலுத்துகிறார்கள்.

சாரதி எடுக்க வேண்டிய முதலாவது அழைப்பு அம்புலன்ஸுக்கு, இரண்டாவது பொலிஸுக்கு, மூன்றாவது காப்புறுதிக் கம்பனிக்கு. முதலாளிக்குரியது நான்காவது அழைப்பே. இந்த ஒழுங்கைச் சாரதிக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுக்க வேண்டியவர் முதலாளிதான்.

தப்பியோடுவது தப்பாது

மோட்டார் வாகனச் சட்டம் இந்த விடயத்தில் தெளிவாக இருக்கிறது. விபத்து ஏற்பட்டால் சாரதி உடனே வாகனத்தை நிறுத்த வேண்டும். காயமடைந்தவருக்குத் தன்னால் இயன்ற உதவியைச் செய்ய வேண்டும். கேட்பவருக்குத் தனது பெயர், விலாசம், வாகன இலக்கம், உரிமையாளரின் விபரம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும். பிழை யாருடையது என்பது வேறு விடயம். எதிரே வந்தவரின் பிழையாக இருந்தாலும் நமது சாரதிக்கு இந்தக் கடமைகள் உண்டு. நிற்காமல் போனால், குற்றமே செய்யாத ஒருவரும் குற்றவாளியாகிறார்.

ஊர்மக்கள் கூடி அடித்துவிடுவார்களோ என்ற அச்சத்தில்தான் பல சாரதிகள் ஓடுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. உண்மையில் உயிராபத்து என்று கண்டால் அங்கிருந்து விலகலாம். ஆனால் போக வேண்டிய இடம் வீடோ, முதலாளியின் ஸ்டோரோ அல்ல, அருகிலுள்ள பொலிஸ் நிலையம். போகும் வழியிலேயே 119க்கு அழைத்து, இன்ன இடத்தில் விபத்து, இன்ன வாகனம், நான் இன்ன பொலிஸ் நிலையத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு அழைப்பு, அவர் தப்பியோடவில்லை என்பதற்கான சாட்சி.

இன்னொரு கெட்ட வழக்கமும் நம்மிடையே இருக்கிறது. ஓட்டியவரிடம் அனுமதிப்பத்திரம் இல்லை என்பதால், அனுமதிப்பத்திரம் உள்ள வேறொருவரைப் பொலிஸில் கொண்டுபோய் நிறுத்துவது. கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் கெமரா பூட்டியிருக்கும் இக்காலத்தில் இது அதிக நாள் நிற்காது. பொலிஸுக்குப் பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம். உண்மை வெளிப்பட்டால் காப்புறுதிக் கம்பனியும் கையை விரித்துவிடும். ஒரு வழக்கைத் தவிர்க்கப் போய் மூன்று பேர் வழக்கில் மாட்டுவார்கள்.

முதலாவது அழைப்பு: 1990

காயப்பட்டவர் இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்ட இந்தச் சேவை இப்போது நாடு முழுவதும் நடைபெறுகிறது. கட்டணம் கிடையாது. இடத்தைச் சரியாகச் சொல்வது முக்கியம். பெயர் தெரியாத இடமாக இருந்தால் கிலோமீற்றர் கல்லையோ, பக்கத்திலுள்ள பாடசாலை, பள்ளிவாசல், விகாரை ஒன்றையோ சொல்லலாம். அதிவேக நெடுஞ்சாலையில் என்றால் 1969 என்ற இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

காயப்பட்டவரை நான்கு பேர் தூக்கி முச்சக்கர வண்டியில் மடித்துப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவது நல்லெண்ணத்தில் செய்யப்படும் காரியம்தான். ஆனால் கழுத்திலும் முதுகெலும்பிலும் அடிபட்டவரை அப்படித் தூக்கினால் வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாத நிலை ஏற்படலாம். தீப்பற்றும் அபாயம், வேறு வாகனம் வந்து மோதும் அபாயம் இருந்தாலன்றி அவரை அசைக்கக் கூடாது. இரத்தம் ஓடும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். தண்ணீர், சோடா எதுவும் பருக்கக் கூடாது. சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் வயிற்றில் இருப்பது மயக்க மருந்து கொடுக்கும்போது ஆபத்தாகும்.

அதே நேரத்தில் இன்னொரு விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சிக்னல் விளக்குகள் நான்கையும் எரியவிட்டு, பின்னால் தூரத்தில் எச்சரிக்கை முக்கோணத்தை வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நமது வீதிகளில் வழக்கமாகச் செய்வதுபோல் பச்சைக் கிளைகளை வெட்டிப் போடலாம். போகும்போது அந்தக் கிளைகளை அகற்ற மறக்கக் கூடாது. இருட்டில் அவையே அடுத்த மோட்டார் சைக்கிள்காரரை விழுத்திவிடும்.

இரண்டாவது அழைப்பு: பொலிஸ்

ஆட்காயம் ஏற்பட்ட விபத்தில் பொலிஸார் வந்து வீதியில் அடையாளமிட்டு அளக்கும்வரை வாகனத்தை அசைக்காமல் இருப்பதே நல்லது. அசைத்தே தீர வேண்டிய நிலை வந்தால் அதற்கு முன்னர் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்று எல்லாச் சாரதிகளின் கையிலும் கெமரா இருக்கிறது. ஆனால் அவர்கள் நெளிந்த பம்பரை மட்டும் படம் எடுக்கிறார்கள். அது போதாது. வீதியின் இரு பக்கமும் தெரியும்படி தூரத்திலிருந்து எடுக்க வேண்டும். நடுக்கோடு, டயர் தேய்ந்த அடையாளம், உடைந்த கண்ணாடி சிதறிய இடம், வீதிச் சமிக்ஞைப் பலகை, மற்ற வாகனத்தின் இலக்கத் தகடு, அதன் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் ஆகிய அனைத்தும் படத்தில் வர வேண்டும். கண்டவர்கள் இரண்டு மூன்று பேரின் தொலைபேசி இலக்கங்களையும் வாங்கிக்கொள்ள வேண்டும். சம்பவம் நடந்த நிமிடத்தில் சாட்சி சொல்ல எல்லோரும் தயார். மறுநாள் ஒருவரையும் காணக் கிடைக்காது.

பொலிஸ் நிலையத்தில் கொடுக்கும் வாக்குமூலம்தான் பின்னர் வரும் வழக்கின் அத்திவாரம். இங்கேதான் நமது சாரதிகள் பலர் தவறிவிடுகிறார்கள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுகிறது. பேசத் தெரிந்த அளவுக்கு வாசிக்கத் தெரியாத சாரதி, சீக்கிரம் போனால் போதும் என்று கையெழுத்து வைத்துவிட்டு வருகிறார். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழில் சொல்ல விரும்புகிறேன் என்று மரியாதையாகக் கேட்கலாம். எழுதக்கூடியவர் இல்லையென்றால், எழுதியதை வாசித்து விளங்கப்படுத்தும்படி கேட்டு, அதன் பின்னரே கையொப்பமிட வேண்டும். நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். வேகம் எவ்வளவு என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் ஊகித்து ஓர் இலக்கத்தைச் சொல்லக் கூடாது. முறைப்பாட்டுப் பதிவின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளாமல் நிலையத்தை விட்டு வெளியேறக் கூடாது. காப்புறுதிக்கு அது கட்டாயம் தேவைப்படும்.

மூன்றாவது அழைப்பு: காப்புறுதிக் கம்பனி

வழமையான காப்புறுதியாக இருந்தாலும் தகாபுலாக இருந்தாலும், விபத்தை உடனே அறிவிக்க வேண்டும் என்பது பொலிஸியின் நிபந்தனை. கம்பனிகளின் அவசர இலக்கங்கள் இரவு பகலாக இயங்குகின்றன. பெரும்பாலும் அவர்களது பிரதிநிதி இடத்துக்கே வந்து பார்ப்பார். அவர் வரும்வரை வாகனத்தைக் கராஜுக்கு இழுத்துச் செல்வதோ, மதிப்பீட்டாளர் பார்க்க முன்னர் திருத்த வேலையை ஆரம்பிப்பதோ கூடாது. "வியாபாரம் தடைப்படுகிறது" என்று அவசரப்பட்டுத் திருத்திவிட்டு பில்லைக் கொண்டுபோனவர்களுக்கு நட்டஈடு குறைக்கப்பட்டதும், மறுக்கப்பட்டதும் உண்டு.

பேசித் தீர்ப்பதில் பெரும் கவனம் வேண்டும். பம்பர் கீறிய சிறு விபத்துக்களில் இரு தரப்பும் இணங்கிப் போவது வழக்கம்தான். ஆனால் ஆட்காயம் இருந்தால், அரச சொத்துக்குச் சேதம் இருந்தால், மற்றவரின் பத்திரங்களில் சந்தேகம் இருந்தால் பொலிஸில் பதியாமல் எதுவும் செய்யக் கூடாது. அன்று "ஒன்றுமில்லை" என்று எழும்பிப் போனவர் மறுநாள் தலைவலியோடு ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படலாம். அப்போது பொலிஸ் புத்தகத்தில் நமது சாரதி தப்பியோடியவராகவே பதியப்படுவார்.

"பிழை என்னுடையதுதான், செலவு முழுவதையும் தருகிறேன்" என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுப்பதும் ஆபத்தானது. கம்பனியின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்கக் கூடாது என்பது மோட்டார் பொலிஸிகளில் பொதுவாக உள்ள நிபந்தனை. அதை மீறினால் நட்டஈட்டுச் சுமை முதலாளியின் தலையில் விழலாம்.

இதை வைத்துக்கொண்டு காயப்பட்டவரை எட்டிப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய் நலம் விசாரிப்பதும், மருந்துச் செலவுக்கு உதவுவதும் மனிதக் கடமை. அது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. கொடுக்கும் பணத்தை மனிதாபிமான உதவி என்று குறிப்பிட்டுப் பற்றுச்சீட்டு எழுதி, சாட்சியுடன் கொடுத்தால் போதும். முதலாளி ஒருமுறை நேரில் போய் அந்தக் குடும்பத்தின் முன்னால் உட்கார்ந்தால் பாதிக் கோபம் தணிந்துவிடும். வழக்கு வருடக்கணக்கில் இழுபடுவதற்குச் சட்டத்தை விட மனக்கசப்பே பல இடங்களில் காரணமாகிறது.

உயிரிழப்பு ஏற்பட்டால்

மரணம் சம்பவித்த விபத்தில் சாரதி கைது செய்யப்பட்டு நீதவான் முன் நிறுத்தப்படுவார். கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் ஐந்து வருடங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றமாகும். இறந்தவரின் குடும்பத்தோடு இணக்கம் கண்டாலும் இந்த வழக்கு தானாக முடிவடையாது. எனவே முதல் நாளிலேயே ஒரு சட்டத்தரணியை அமர்த்த வேண்டும். இங்கே சில முதலாளிமார் சாரதியைக் கைவிட்டுவிடுவதைக் காண்கிறோம். நமது பொருளை ஏற்றிக்கொண்டு, நாம் கொடுத்த நேரத்துக்குள் போய்ச் சேர ஓடியவர் அவர். அவரது பிணைக்கும் வழக்குக்கும், உள்ளே இருக்கும் நாட்களில் அவரது வீட்டு அடுப்புக்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.

பாதிக்கப்பட்டவர்கள் நமது ஊர் மக்களாக இருக்கும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. ஜனாஸாவை உடனே நல்லடக்கம் செய்ய வேண்டும் என்ற அவசரத்தில், மரண விசாரணையைத் தவிர்க்க முடியாதா என்று குடும்பத்தார் ஓடித் திரிகிறார்கள். விபத்து மரணத்தில் திடீர் மரண விசாரணை அதிகாரியின் விசாரணையும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும் தேவை. பின்னர் விதவையும் பிள்ளைகளும் நட்டஈடு கோருவதற்கு அந்த அறிக்கைதான் முதல் ஆவணம். அதைத் தவிர்க்க முயல்வதை விட, பள்ளி நிர்வாகமோ ஜனாஸா நலன்புரிச் சங்கமோ பொலிஸையும் வைத்தியசாலையையும் உடனே தொடர்புகொண்டு விரைவுபடுத்துவதே சிறந்தது.

வாகனம் யாருடைய பெயரில்?

பாரிய விபத்துக்குப் பின்னர் லொறி பொலிஸ் பொறுப்பில் இருக்கும். மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகியவற்றைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். அதன் பின்னர் வாகனத்தை விடுவிக்கக் கேட்பவர் பதிவுசெய்யப்பட்ட உரிமையாளராக இருக்க வேண்டும்.

இங்கேதான் "ஓப்பன் பேப்பர்" வியாபாரம் நம்மைக் கவிழ்க்கிறது. வாகனத்தை வாங்கி, கையொப்பமிட்ட படிவங்களைப் பெட்டகத்தில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறோம். நான் அறிந்த ஒரு வியாபாரியின் சிறிய லொறி, பதிவுப் பெயரிலிருந்தவர் வெளிநாடு போய்விட்டதால் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் பொலிஸ் வளவில் நின்றது. ஒருநாள் வருமானம் இல்லாமலேயே லீசிங் தவணை ஓடிக்கொண்டிருந்தது. கைமாறிய வாகனத்தை 14 நாட்களுக்குள் அறிவித்துப் பெயர் மாற்ற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விற்றவருக்கும் இதில் ஆபத்து உண்டு. எப்போதோ விற்ற வாகனம் எங்கோ மோதினால் அழைப்பாணை அவரது வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

இன்று கடைக்குப் போனவுடன் பார்க்க வேண்டியவை

சம்பளத்துக்கு ஓட்டும் சாரதி வேலை நேரத்தில் செய்த கவனயீனத்துக்கு உரிமையாளரும் நட்டஈடு கொடுக்கப் பொறுப்பாளியாவார். ஆகவே பின்வருவனவற்றை விபத்துக்கு முன்னரே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

முதலாவது, சாரதியின் அனுமதிப்பத்திரத்தில் அந்த வாகன வகுப்பு உண்டா? வேன் ஓட்டும் அனுமதியோடு பெரிய லொறியை எடுத்தால் காப்புறுதி கிடைக்காமல் போகலாம். மதுபோதையில் ஓட்டினாலும் அதே கதிதான்.

இரண்டாவது, பொலிஸியில் வாகனத்தின் பாவனை எப்படி எழுதப்பட்டிருக்கிறது? சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டு வாடகைக்கு ஓடும் வேன்கள் எத்தனை!

மூன்றாவது, மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் நமது லொறியின் சேதத்துக்கு ஒரு சதமும் கிடைக்காது. முழுக் காப்புறுதி இருந்தாலும் பெறுமதி பழையதா என்று பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் விலைகள் பலமடங்கு ஏறின. 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோதும் பழைய விலைக்கு அவை திரும்பவில்லை. பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தவருக்குப் பல பொலிஸிகளின்படி சேதத்திலும் அந்த விகிதமே கிடைக்கும்.

நான்காவது, லொறிக்குச் செய்த காப்புறுதி உள்ளே இருக்கும் சரக்கைக் காக்காது. லொறி கவிழ்ந்து சீனி மூடைகள் வாய்க்காலில் கரைந்தால் அது நமது கணக்கில்தான். போக்குவரத்தில் உள்ள பொருட்களுக்குத் தனிக் காப்புறுதி உண்டு. அதன் கட்டணத்தை ஒரு லோட்டின் இலாபத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது, கூடப் போகும் உதவியாளரும் நாட்டாமியும். வேலையின்போது காயப்படும் தொழிலாளிக்கு நட்டஈடு கொடுக்கும் கடமையை 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தொழில்தருநர் மீது சுமத்துகிறது. சம்பளப் புத்தகத்தில் பெயர் இல்லை என்பது தப்பிக்கும் வழியல்ல. சரக்கின் மேல் ஆட்களை ஏற்றி அனுப்புவதை இன்றோடு நிறுத்த வேண்டும்.

நாமே பாதிக்கப்பட்டவரானால்

நட்டஈட்டு வழக்கை விபத்து நடந்து இரண்டு வருடங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். "பொலிஸ் வழக்கு முடியட்டும்" என்று காத்திருந்து காலத்தைக் கடத்தியவர்கள் பலர். ஒரு வழக்கு மற்றதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மோதிய வாகனம் நிற்காமல் போய், அதன் இலக்கமும் தெரியாவிட்டால் தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் பொலிஸ் அறிக்கையும் வைத்திய அறிக்கையும் தேவை. காப்புறுதிக் கம்பனி நியாயமின்றி மறுத்தால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

கடைசியாக ஒரு சிறு வேலை. ஒரு மட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் நான்கு வரிகள் எழுதி லொறியின் சாரதி ஆசனத்துக்கு முன்னால் ஒட்டிவிடுங்கள். 1990. 119. காப்புறுதிக் கம்பனியின் இலக்கமும் பொலிஸி இலக்கமும். நான்காவதாக உங்கள் இலக்கம். சாரதியை அழைத்து உட்காரவைத்து, "நீங்க பயந்து ஓட வேணாம், என்ன நடந்தாலும் உங்களுக்குப் பின்னால நான் நிக்கிறன்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். முதலாளி தன்னைக் கைவிடமாட்டார் என்று நம்பும் சாரதிக்கு ஓட வேண்டிய தேவையில்லை. வீதியில் கிடக்கும் ஒருவரின் உயிரும், வருடக்கணக்கில் நாம் சேர்த்த வியாபாரமும் அந்தச் சாரதி அங்கே நிற்பதில்தான் தங்கியிருக்கின்றன.